ஜமீனுக்குக் கண் வைத்த மத்தியானம்

நெஞ்செலும்பு முடிகிற இடத்திலிருந்து கீழே ஒரே கோடு, தோல் மட்டும், தோல் மட்டும், கறியில் பட்டால் ரத்தம் வரும், ரத்தம் வந்தால் வெள்ளை இறகு போச்சு, என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு தாரணி சேவலின் நெஞ்சு இறகை வாயால் ஊதி இரண்டு பக்கமும் ஒதுக்கினாள். தலைக்கு வகிடு எடுத்த மாதிரி நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. பிளேடை வைத்தாள், எடுத்தாள், நைட்டியில் கையைத் துடைத்தாள், மறுபடி வைத்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து எத்தனை கோழி அறுத்திருப்பாள், ஒன்றுக்காவது இப்படித் தயங்கியிருக்கிறாளா, ஆனால் அதெல்லாம் குழம்புக்குப் போகிற கோழி, குழம்புக்குப் போகிற கோழிக்கு முகம் எதற்கு. இது ஜமீன். குஞ்சிலிருந்தே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு யாருக்கும் வழி விடாமல் நடந்ததால் அவள் புருஷன் சம்பத் வைத்த பேர். கட்டுச்சேவல் என்று பேர்தான், ஒரு சேவல் சண்டைக்கும் போனதில்லை. ஒவ்வொரு வருஷமும் “இந்தப் பொங்கலுக்கு விடறேன் பாரு” என்பான், தை பிறந்ததும் “கால்ல ஒரு சொணக்கம் மாதிரி தெரியுது” என்று சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலை செய்கிற தறிக்குடோனுக்கே கொண்டுபோய்விடுவான். பக்கத்து வீட்டுச் செவலை ஒன்றுதான் இதனோடு சண்டை போட்ட சேவல், அதுவும் சுவரேறி வந்து வாங்கிக் கட்டிக்கொண்டு போகும். நேற்றுச் சாயங்காலம் பால் வண்டிக்கும் வழி விடவில்லை. வெளியே ஒரு சொட்டு ரத்தம் கிடையாது, கழுத்து மட்டும் துவண்டு போயிருந்தது. சம்பத் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தே இருந்தான், மாமியார் “இறகு பறிக்கத் தண்ணி காய வெக்கட்டுமா” என்று கேட்டதும் அதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான், அப்போதுதான் தாரணியின் வாய், அவளைக் கேட்காமலே, “ஏனுங்க, எனக்குக் குடுங்க, நான் நிக்க வெச்சுத் தர்றேன்” என்று சொல்லிவிட்டது.

சொன்ன வாயை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது. இதுவரைக்கும் பாடம் செய்து நிறுத்தியது ஒரே ஒரு காடை, பண்ணையில் வாங்கி வந்தது, அதுவும் கடைசியில் கத்திரிக்காய்க்கு மூக்கு முளைத்த மாதிரி நின்றது. டிவிக்குப் பக்கத்தில் வைத்திருந்ததை எடுத்துப் பார்த்து சம்பத், “இது என்ன, ஜிப்பு இல்லாத பர்ஸா?” என்று கேட்டான், அன்றைக்கெல்லாம் இரண்டு பேரும் சிரித்தார்கள். நேற்று அவன் சிரிக்கவில்லை. “நல்லா வந்துச்சுன்னா அப்புறம் என்ன வேணுமோ செய்யி, நான் கேக்க மாட்டேன். கெடுத்துப்போட்டீன்னு வையி, அந்தக் கம்பி, குறடு, பிளேடு அத்தனையும் மூட்டை கட்டி மேல அட்டாலில போட்டுருவேன்” என்றான். சேவல் ராத்திரி முழுக்க பிரிட்ஜில் இருந்தது. மாமியார் தன் கம்மங்கூழை வெளியே எடுத்து வைத்துவிட்டு, “பொணத்தோட கூழு வெச்சுக் குடிக்கற காலம் வந்துருச்சாக்கும்” என்றாள். சரி, கோடு போட்டுவிட்டாள், பிளேடு இறங்கிவிட்டது, எவ்வளவு சுலபம், தாள் கிழிகிற சத்தம்கூட இல்லை, விரலை விட்டால் தோல் கறியை விட்டு விலகி வழி விடுகிறது, ஈரப் பாவாடையைக் குழந்தை காலிலிருந்து உரிப்பது போல, உள்ளே குளிர்ச்சி, மேலே இறகுச் சூடு, ஈரம் இழுக்க மக்காச்சோள மாவைத் தூவித் தூவி விரலை நகர்த்த நகர்த்த அவளுக்கு உள்ளங்காலில் ஒரு குறுகுறுப்பு ஏறியது, திருவிழாவில் ராட்டினம் மேலே போய் ஒரு நொடி நிற்குமே, அந்தக் குறுகுறுப்பு. போன் வீடியோவில் சொல்லிக் கொடுப்பவன் எந்த நாட்டுக்காரனோ, பேச்சு ஒன்றும் புரியாது, கை மட்டும் புரியும், கைக்கு எதற்குப் பாஷை. தொடை வந்தது, மூட்டில் வெட்டிக் காலைத் தோலோடு விட்டாள், வால் வேரில் வெட்டினாள், பனியனைக் கழற்றுவது போலத் தோலை உள்வெளியாகப் புரட்டிக்கொண்டே மேலே போனாள். தகரக் கொட்டாயின் விட்டத்தில் கட்டிய தூளியில் கைக்குழந்தை நிவி ஒரு தரம் அசைந்தாள், தாரணி எழாமலே கால் கட்டைவிரலால் தூளிக் கயிற்றை இழுத்து விட்டாள், நிவியின் அசைவு நின்றது. தூங்கு சாமி, தூங்கு, கொண்டை வழியாகத் தோல் இறங்குகிற வரைக்குமாவது தூங்கு. அப்பா வீட்டில் கன்றுக்குட்டி செத்தபோது அவள் பள்ளிக்கூடம் போகவில்லை, வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டுக் கட்டுத்தரையிலேயே நின்றாள். மாட்டுக்குப் பால் இறங்கவில்லை என்று கன்றின் தோலை உரித்து வைக்கோல் அடைத்துச் சாக்குத் தைக்கிற நூலால் தைத்து நான்கு குச்சியில் நிறுத்தினார்கள். மூஞ்சி கிடையாது, கண் கிடையாது, காது மட்டும் இரண்டு தொங்க, தலையணைக்குக் கால் வைத்த மாதிரி இருந்தது, எல்லோரும் ஐயோ பாவம் என்று மூக்கைப் பொத்தினார்கள். அவளுக்குப் பாவமாகவே இல்லை. காதை இப்படியா வைப்பார்கள், நானாக இருந்தால் கொஞ்சம் முன்னால் மடித்து வைத்திருப்பேன் என்று கை ஊறியது. மாடு அதை நக்கியது, நக்க நக்க மடி சுரந்தது, சர்சர்ரென்று செம்பில் நுரை. “அப்பா, அதுக்குத் தெரியாதா?” என்று கேட்டாள். “தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன. நக்கறதுக்கு ஒண்ணு வேணுமில்ல” என்றார் பால் கறந்துகொண்டே. ஒரு நாள் தையல் பிரிந்து வைக்கோல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மாடு அந்த வைக்கோலையும் இழுத்துத் தின்றுவிட்டு, பாலும் கொடுத்தது.

“ஏம்மிணி, மூணு கிலோ கறிய மண்ணுக்குள்ள பொதைக்கறேன்னுட்டுத் தோலை வெச்சுக்கறவளை இப்பத்தான் பாக்கறேன். மொளகாயை வீசிப்போட்டுக் காம்பைப் பத்திரம் பண்ணுன கதையால்ல இருக்குது.” மாமியார் நிலைப்படியில் நின்றிருந்தாள், இந்தப் பக்கம் பார்க்க மாட்டேன் என்று காலையில் சத்தியம் செய்தவள், முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு கண்ணை மட்டும் வெளியே வைத்திருந்தாள். “உங்கம்மா வீட்ல இதையாக்கும் சொல்லிக் குடுத்தாங்க?” “இல்லீங்கத்தே, போன்ல சொல்லிக் குடுத்தாங்க.” “கறி நல்லாத்தான் இருக்குது.” “அவருதான் திங்க வேண்டாம்னுட்டாருங்களே.” “அவன் கெடக்கறான். கல்லீரலையாவது…” “அத்தே!” மாமியார் உள்ளே போய்விட்டாள், போகும்போது சிரித்த மாதிரி இருந்தது, சிரித்தாளா செருமினாளா, கல்லீரலை நல்லெண்ணெயில் மிளகு போட்டு வதக்கினால் வருகிற வாசம் எங்கிருந்தோ வந்து தாரணியின் நாக்கடியில் நின்றது, சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு, கறிவேப்பிலை, மஞ்சள் போட்டு நன்றாகத் தேய்த்து ஊற வைத்து, என்று மனசு அடுப்படிக்குப் போய்த் தாளித்துக்கொண்டிருக்க, கை தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது, என்ன வேலை என்று பார்த்தாள். மஞ்சள் தேய்த்துக்கொண்டிருந்தது. விரல் வெட்டிக்கொண்டால் வைக்கலாம் என்று பக்கத்தில் வைத்திருந்த மஞ்சள்பொடி டப்பா திறந்து கிடந்தது, தோல் கெடாமல் இருக்கத் தேய்க்க வேண்டிய வெண்காரத் தூள் தட்டில் தொடப்படாமல் இருந்தது, ஜமீனின் தோலுக்கு உள்பக்கம் முழுக்க, இண்டு இடுக்கு விடாமல், குழம்புக்குத் தேய்க்கிற தேய்ப்பு. அட என் கையே. அட மானங்கெட்ட கையே. தோலை அவசரமாகத் திருப்பினாள், ஈரத்தோடு மஞ்சள் கசிந்து நெஞ்சின் வெள்ளையில் நாலைந்து இடத்தில் இறங்கிவிட்டிருந்தது, கழுத்து வெள்ளையிலும் ஒரு கீற்று. துணியால் ஒற்றினாள், பரவியது. அட்டாலி, மூட்டை, சாயங்காலம் சம்பத் வந்து ஒன்றும் பேசாமல் நிற்கிற நிற்பு, திட்டினால்கூடப் பரவாயில்லை, அவன் திட்ட மாட்டான், கைகால் கழுவப் போய்விடுவான். சரி, வெண்காரத்தையாவது போடு, தோல் கெட்டுப்போனால் அதுவும் போச்சு. அள்ளித் தூவினாள். தூவிய இடமெல்லாம் சிவப்பாக மாறியது. ஐயோ ரத்தம், என்று ஒரு நொடி கையை இழுத்துக்கொண்டவள், அடுத்த நொடி தனியாக உட்கார்ந்து சிரித்துவிட்டாள். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தி, மஞ்சளில் வெண்காரம் கலந்தால் மட்டும் என்ன ஆகும், அதே ஆரத்தி. ஜமீனுக்கு உள்பக்கமாக ஆரத்தி சுற்றியாகிவிட்டது. உள்ளே இருக்கிற சிவப்பு யாருக்குத் தெரியப்போகிறது. வெளியே இருக்கிற மஞ்சள்? வெள்ளைச் சட்டையில் பட்ட மஞ்சள் சோப்புக்குப் போகாது, வெயிலுக்குப் போகும், கொடியில் கிடந்தால் நாலு நாளில் வெளுத்துவிடும், அது சட்டைக்குத் தெரிந்தால் இறகுக்குத் தெரியாதா என்ன. இனிமேல் மஞ்சள் டப்பா கொட்டாய்ப் பக்கமே வரக் கூடாது. பின் பக்கமாக ஒரு சின்னக் கீறல் போட்டுத் தலையைப் புரட்டினாள், கொண்டை பெரிசு, வராது வராது என்று பயந்தது வந்தேவிட்டது.

உடம்புக்கு நூல். காலையில் சம்பத் வேலைக்குப் போவதற்கு முன்னால் ஒரு பை கழிவு நூலைக் கொட்டாய்க் கல்லின்மேல் வைத்துவிட்டுப் போயிருந்தான், “இது ஆகுமா?” என்றுகூடக் கேட்கவில்லை, வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான், அந்தப் பையைத் தாரணி எடுத்துக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள், தறியில் அறுந்ததும் விட்டதும், பச்சை, ஊதா, ஜரிகைகூட ஒன்றிரண்டு. உரித்த உடம்பைப் புதைப்பதற்கு முன்னால் நூல் பிடித்து நீளம் அகலம் பார்த்து வைத்திருந்தாள், காடையில் செய்த தப்பு அதுதான், கண்மதிப்பில் அடைத்தாள், கத்திரிக்காய் ஆனது. இப்போது கம்பிமேல் நூலைச் சுற்றினாள், சுற்றி அழுத்தி, சுற்றி அழுத்தி, நெஞ்சு இன்னும் கொஞ்சம் முன்னால் வேண்டும், ஜமீனுக்கு நெஞ்சு இல்லை என்றால் அது வேறு யாரோ சேவல், இன்னும் கொஞ்சம், போதும், திமிர் வந்துவிட்டது. உள்ளே பச்சையும் ஜரிகையுமாக இருந்தது, பட்டுச் சேலை கட்டிக்கொண்டு மேலே இறகு போர்த்திய சேவல். காலுக்குச் சைக்கிள் போக்ஸ் கம்பி, கட்டுக்கம்பி என்றால் வளைந்துவிடும், காலுக்குள் கம்பி ஏறும்போது ஒரு கறகறப்பு பல்லில் தெரிந்தது. இறகை உள்ளே மடக்கி மடக்கி வயிற்றைத் தைத்தாள், ஜாக்கெட்டுக்கு ஹெம்மிங் போடுகிற கை, இதில் மட்டும் அவளுக்குப் பயமே இல்லை, தையல் எங்கே இருக்கிறது என்று போன்காரனே தேடினாலும் கிடைக்காது. பலகையில் துளை போட்டுக் கால் கம்பியை இறக்கி அடியில் மடக்கினாள். ஒரு காலைக் கொஞ்சம் முன்னால் வைத்தாள். கழுத்தை நிமிர்த்தினாள். இறக்கை அசையாமல் காய வேண்டும் என்று குண்டூசி குத்தி, நெஞ்சைச் சுற்றி நூல் கட்டினாள். காய்வதற்குப் பல நாள் ஆகும், கொண்டை சுருங்கிக் கறுத்துவிடும், அப்புறம் வர்ணம் பூச வேண்டும், அதெல்லாம் அப்புறம். இன்றைக்கு நிற்க வேண்டும், அவன் வரும்போது நிற்க வேண்டும். நின்றது. ஆனால் குருடனாக நின்றது.

கண்ணுக்குக் கண்ணாடி மணி வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும் என்று போன்காரன் காட்டினான். எதற்கு, வருஷா வருஷம் களிமண் பிள்ளையாருக்கு என்ன வைக்கிறோம், குன்றிமணி, சிவப்பில் கறுப்புப் பொட்டு, கோபமாக இருக்கும்போது ஜமீனுக்கு அசல் அந்தக் கண்தான். கேட்டால் பிள்ளையார் கோவித்துக்கொள்ளவா போகிறார், அவரே யானைத் தலையை மனுஷ உடம்பில் ஒட்டிக்கொண்டவர். காலித் தைலப் பாட்டிலில் இரண்டே இரண்டு எடுத்துவந்து வைத்திருந்தாள், இரண்டுக்கு மேல் வேண்டாம் என்று நினைத்தே எடுத்தது, விஷ விதை, மென்றுவிட்டால் பெரிய ஆளுக்கே ஆபத்து, வீட்டில் தவழ்கிற குழந்தை இருக்கிறது. தன் பக்கம் இருந்த கண்குழியில் களிமண் உருட்டி வைத்தாள். பாட்டிலைக் கவிழ்த்தாள். ஒன்று விழுந்தது. தட்டினாள். ஒன்றுதான். உள்ளே விரலை விட்டாள், விரல் போகவில்லை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், காலி. இரண்டு போட்டேனே. போட்டேனா? போட்டேன், மூடியும் போட்டேன், மூடி திறந்திருந்ததா, நடுவில் நிவி எழுந்து பால் குடித்தாளே, மடியில் இருந்தபோது கையை நீட்டிக் கல்லின்மேல் இருந்ததையெல்லாம் தட்டினாளே, வாயில் எதையோ வைத்துச் சப்பிக்கொண்டே தூங்கினாளே, நாக்கைத்தான் சப்புகிறாள் என்று நினைத்தோமே. மாவுத் தட்டைக் கவிழ்த்தாள், நூல் பையை உதறினாள், நைட்டிப் பையைத் திருப்பினாள், வேர்வை கண்ணில் இறங்கியது, எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பஸ், அத்தையிடம் எப்படிச் சொல்வது, ஒரு செத்த சேவலுக்காக, ஒரு தோலுக்காக, என்னுடைய கை ஊறல் அடங்க வேண்டும் என்பதற்காக, என்று மனசு அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தது. தூளியை விலக்கி நிவியின் வாயைத் திறந்து விரலை விட்டுத் துழாவினாள், ஈறு, முளைத்து வருகிற பல்லின் நுனி, நாக்கடி, கன்னத்தின் உள்மடிப்பு, ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லையென்றால் விழுங்கிவிட்டாளா. நிவி வீறிட்டாள். உதட்டில் மஞ்சள் ஒட்டிக்கொண்டு வீறிட்டாள். அந்த அழுகையில் தாரணிக்கு மார்பு கட்டிக்கொண்டு சுரந்தது, பயம் ஒரு பக்கம் இருக்கிறது, பால் தன் பாட்டுக்கு வருகிறது, நைட்டி நனைகிறது, உடம்புக்கு என்ன தெரியும், அழுகைச் சத்தம் போதும் அதற்கு. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே எங்காவது கிடக்கிறதா என்று கல்லைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள். போனவள் நின்றாள். ஜமீன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. இடது கண்ணால், சிவப்பில் கறுப்புப் பொட்டு, யாரடி நீ என் கொட்டாயில் என்கிற பார்வை. பாலுக்கு நிவி எழுவதற்கு முன்னாலேயே சரியாக உட்காருகிறதா பார்ப்போம் என்று அந்தப் பக்கத்தில் களிமண்ணோடு ஒன்றை வைத்துப் பார்த்ததும், வைத்தபடியே விட்டதும் இப்போதுதான் ஞாபகம் வந்தது. தாரணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நிவி மார்பைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். “இவன் வெச்சிருக்கறான்டி சாமி. இவன் கண்ணுலதான் வெச்சிருக்கறான்” என்று குழந்தையின் உச்சந்தலையில் சொல்லிச் சொல்லி முத்தம் கொடுத்தாள். நிவி கொஞ்சம் அடங்கியதும் எழுந்து, ஒரு கையில் குழந்தையோடு மறு கையால் வலது கண்ணையும் வைத்து, இமைத் தோலை ஊசி முனையால் மேலே இழுத்து விட்டாள். குன்றிமணி வாங்குவது இதுதான் கடைசி, அடுத்த தடவை கண்ணாடி மணிதான், என்று நினைத்தாள். அடுத்த தடவை என்று நினைத்துவிட்டோமே என்று அப்புறம் நினைத்தாள்.

வெயில் சாய்ந்து கொட்டாய்க்குள் நீளமாக விழுந்தது. இந்த வெளிச்சத்தில் மஞ்சள் தெரிகிறதா, தெரிகிறது, வலது பக்கம் திருப்பி வைத்தால் குறைவாகத் தெரிகிறது, திருப்பினாள், ஏமாற்றுகிற மாதிரி இருக்கிறதே என்று மறுபடி பழையபடி வைத்தாள், கெட்டால் கெடட்டும், நான் செய்ததுதானே. தெருமுனையில் சம்பத்தின் வண்டிச் சத்தம் கேட்டது. கேட்ட அதே நேரம் சுவர்மேல் ஏதோ வந்து உட்கார்ந்தது. பக்கத்து வீட்டுச் செவலை. நேற்றிலிருந்து எதிரி சத்தம் இல்லையே என்று நோட்டம் பார்க்க வந்திருக்கும், கழுத்தை இப்படி அப்படிச் சாய்த்தது, கொட்டாய்க்குள் பார்த்தது, பார்த்ததும் அதன் கழுத்து இறகு அத்தனையும் குடை மாதிரி விரிந்து நின்றது. செவலை குதித்து இறங்கியது. ஒரு இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்து, தலையைத் தாழ்த்தி, ஜமீனின் கண்ணுக்கு நேராக வந்து நின்று காலைக் கிளப்பியது. “ஏய்! டேய்!” சம்பத் பின்வாசலில் இருந்தான், சாப்பாட்டுத் தூக்குப்போசி ஒரு பக்கம் உருண்டது, இரண்டே எட்டில் வந்து ஜமீனை வாரி எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “போடா அந்தப் பக்கம், திமிரு புடிச்சவனே!” என்று செவலையை நோக்கிக் காலை உதறினான். செவலை சுவரேறி ஓடியது. ஜமீனோடு பலகையும் சேர்ந்து வந்திருந்தது, அவன் இடுப்புக்குப் பக்கத்தில் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவன் பலகையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். நிவிதான் முதலில் ஏதோ பேசினாள்.

“ஏனுங்க, ஊசி குத்தியிருக்குமே.” “குத்துது” என்றான், ஆனால் கீழே வைக்கவில்லை. “மஞ்சளா இருக்குது?” “கைத்தப்புங்க. வெயில்ல வெளுத்துரும்.” அவன் சேவலின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி வெகு நேரம் பார்த்தான். தாரணிக்குக் காதுக்குள் தறி ஓடுகிற சத்தம் கேட்டது. “எப்பிடிப் பாக்கறான் பாரு” என்றான் கடைசியில், குரல் கொஞ்சம் உடைந்திருந்தது, “செத்தும் எவனுக்கும் வழி உட மாட்டான் போல இருக்குது.” நிலைப்படியிலிருந்து மாமியார், “அந்தச் செவலையப் புடிச்சாவது ஒரு கொழம்பு வெய்யுங்களேன், நாக்கு செத்துக் கெடக்குது” என்றாள். சம்பத் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே சிரித்தான். அவன் கட்டைவிரல் சேவலின் பிடரியில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது, தினமும் சாயங்காலம் போகிற மாதிரியே, விரல் நுனியில் மஞ்சள் ஏறியிருந்தது. தெரிந்து தடவுகிறானா, தெரியாமலா என்று, அன்றைக்கு அப்பாவிடம் கேட்ட மாதிரி, அவள் கேட்கவில்லை. அவன் கக்கத்தில் நசுங்கிய இறக்கையையும் அறுந்து தொங்கிய நூலையும் பார்த்துக்கொண்டே, அதை எந்த இடத்தில் மடித்து எங்கே ஊசி குத்தினால் பழையபடி நிற்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு, போடுகிற கணக்குக்கு நடுவில், குளத்தோரத்துப் பண்ணையில் வாத்து விற்கிறார்களே, வாத்துக்குக் கழுத்து நீளம், கம்பி எந்த அளவில் வேண்டும், என்று அவள் கை மறுபடி ஊற ஆரம்பித்திருந்தது.